ஒன்றரை நாள் பள்ளிக்கூடம், முப்பதுக்கு மேல் நாவல்கள்: அண்ணாபாவ் சாத்தே

ரயிலுக்குக் கொடுக்கக் காசு இல்லாததால் ஒரு குடும்பம் நடந்தே மும்பைக்குப் போனது. அப்பா, அம்மா, பிள்ளைகள். தூரம் இருநூறு மைலுக்கு மேல். வழியில் கிடைத்த கூலி வேலையைச் செய்வார்கள், கிடைத்ததைச் சாப்பிடுவார்கள், மறுபடி நடப்பார்கள். 1930களின் தொடக்கம் அது. அந்தக் கூட்டத்தில் பத்துப் பதினோரு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் துக்காராம். பின்னாளில் மகாராஷ்டிரம் முழுவதும் அவனை அண்ணாபாவ் என்று கூப்பிட்டது. மராத்தியிலும் அண்ணா என்றால் அண்ணன்தான். பாவ் என்றாலும் சகோதரன்தான். ஒரே ஆளுக்கு இரண்டு முறை உறவு சொல்லிக் கூப்பிட்டார்கள் மக்கள்.

அண்ணாபாவ் சாத்தே பிறந்தது 1920 ஆகஸ்டு 1ஆம் தேதி, வாட்டேகாவ் கிராமத்தில். அப்போது அது சாத்தாரா மாவட்டம், இப்போது சாங்லி மாவட்டம். அப்பா பாவுராவ், அம்மா வாலுபாய். சாதி மாங். மாதங்கர் என்றும் சொல்வார்கள். கயிறு திரிப்பது, துடைப்பம் கட்டுவது, ஊர்க்காவல், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஹல்கி அடிப்பது என்று ஊர் இவர்களுக்கு வேலை ஒதுக்கியிருந்தது. ஹல்கி என்பது வட்டச் சட்டத்தில் தோல் கட்டிக் குச்சியால் அடிக்கிற கருவி. நம் பறையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஊர்க் கல்யாணம் இவர்கள் வாசிக்காமல் நடக்காது. வாசித்தவர்கள் பந்தியில் உட்கார முடியாது.

இதற்கு மேல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சுமையைச் சேர்த்தது. குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்று எழுதி வைத்த சட்டம். மாங் ஆண்கள் ஊரில் இருப்பதைக் காட்ட அன்றாடம் ஆஜர் கொடுக்க வேண்டியிருந்தது. சொந்தக்காரர் சாவுக்கு அடுத்த ஊர் போவதற்கும் அனுமதி வேண்டும். கள்ளர், மறவர், குறவர் என்று தமிழ்நாட்டிலும் இந்தச் சட்டத்தில் வதைபட்டவர்கள் உண்டு. ஆகையால் அந்த ஆஜர் புத்தகம் எப்படிப்பட்டது என்று நம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த ஆட்சியை எதிர்த்து நின்றவர் ஃபக்கீரா என்கிற மாங் வீரர். பஞ்சக் காலத்தில் தானியத்தையும் கஜானாவையும் கொள்ளையடித்துப் பட்டினி கிடந்தவர்களுக்குக் கொடுத்தவர் என்று அந்தப் பகுதி மக்கள் சொல்லிவந்தார்கள். அண்ணாபாவ் பிறந்த சமயத்தில் அவர் ராத்திரியில் வந்து, பிள்ளை பெற்ற தாயின் செலவுக்கு இரண்டு கை நிறைய வெள்ளி ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பையன் நாற்பது வயது நெருங்கும்போது அதே ஃபக்கீராவைப் பற்றி நாவல் எழுதினான். அதற்குப் பிறகு வருவோம்.

பள்ளிக்கூடம் ஒன்றரை நாள்தான். தீண்டத்தகாத பிள்ளைகள் தனியே உட்கார வேண்டும். ஆசிரியர் சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார். இரண்டாம் நாள் பாதியோடு பையன் எழுந்து வந்துவிட்டான். திரும்பிப் போகவில்லை. அவன் பாடம் படித்தது வெளியில்தான். மலை, ஓடை, வாரணா ஆற்றுப் பக்கத்துக் காடு. எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், எந்தப் பாம்பு எந்தப் புதரில் கிடக்கும் என்று தெரிந்த பிள்ளை. பின்னாளில் அவர் எழுதிய கதைகளில் அந்தக் காடும் ஆறும் சும்மா அலங்காரத்துக்கு வராது. வேலைக்குப் போகிற, ஓடி ஒளிகிற, சண்டை போடுகிற இடமாக வரும். ஏழைக்கு இயற்கை என்றால் அதுதான்.

மும்பை வந்து சேர்ந்ததும் குடும்பம் பைக்குளா பக்கத்தில் தங்கியது. பையன் செய்யாத வேலை இல்லை. மூட்டை சுமந்தான். தெருவில் துணி விற்றவர்களுக்கு எடுபிடியாக இருந்தான். பணக்கார வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டான். கொஞ்சம் வளர்ந்த பிறகு பஞ்சாலையில் வேலை. எழுத்துக் கற்றதும் தெருவில்தான். கடைப் பலகைகளையும் சினிமா சுவரொட்டிகளையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தான். ஒரு பள்ளிக்கூடம் கதவைச் சாத்தினாலும் ஊர் முழுக்க எழுத்து ஒட்டி வைத்திருந்தது அந்த நகரம். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இதை வைத்துப் படிப்பு தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாத்தேயே அப்படிச் சொன்னவர் இல்லை. எல்லா ஏழைப் பிள்ளையும் சுவரொட்டியில் படித்து நாவலாசிரியர் ஆகிவிட முடியாது. கதவைச் சாத்தியவர்களுக்கு இது சமாதானமாகிவிடக் கூடாது.

இடையில் ஆலை வேலை போய் ஊருக்குத் திரும்பினார். அங்கே உறவினரான பாபு சாத்தேயின் தமாஷா குழுவில் சேர்ந்தார். தமாஷா என்பது மராத்தி நாட்டுக்கூத்து. பாட்டு, ஆட்டம், நையாண்டி, கதை எல்லாம் கலந்தது. ஆடுபவர்களும் வாசிப்பவர்களும் பெரும்பாலும் மகார், மாங் முதலான ஒடுக்கப்பட்ட சாதியினர். ரசித்துவிட்டுக் கீழாகப் பேசுவது ஊர்ப் பெரிய மனிதர்களின் வழக்கம். அண்ணாபாவுக்குக் குரலும் உண்டு, வாத்தியமும் வரும், அந்தந்த நேரத்துக்கு வசனம் கட்டவும் தெரியும். கூட்டத்தை எங்கே சிரிக்க வைக்கலாம், எங்கே வாயடைக்க வைக்கலாம் என்கிற கணக்கு அந்தத் தமாஷா மேடையில்தான் பிடிபட்டது.

மறுபடி மும்பை. இந்த முறை மாட்டுங்கா லேபர் கேம்ப். தாராவியை ஒட்டிய பகுதி. தாராவி என்றால் நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்கள் அங்கே ஏராளம். சேறும் சாக்கடையும் கொசுவும் நிறைந்த அந்த லேபர் கேம்ப்பில் தலித் தொழிலாளர்கள் அடைந்து கிடந்தார்கள். கம்யூனிஸ்டு தோழர்களின் படிப்பு வட்டமும் அங்கே நடந்தது. அண்ணாபாவ் அதில் சேர்ந்தார். ஆரம்பத்தில் அவர் கட்டிய பாட்டு எதைப் பற்றித் தெரியுமா? லேபர் கேம்ப் கொசுக்களைப் பற்றி.

இதில் ஒரு குறும்பு இருக்கிறது. அவர் அந்தப் பாட்டுக்கு எடுத்துக்கொண்ட வடிவம் பொவாடா. அரசர்களின் வீரத்தை, குறிப்பாகச் சிவாஜியின் படையெடுப்பைப் பாடுகிற கம்பீரமான வடிவம். கோட்டை பிடித்த கதை பாட வேண்டிய மெட்டில் கொசுப் படையைப் பாடினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தக் கொசுக்கடியில் தினமும் தூங்குகிறவர்கள்தான் சிரித்தார்கள். ஏன் நம் தெருவில் மட்டும் இந்தச் சாக்கடை என்கிற கேள்வியோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் கட்டிய ஸ்டாலின்கிராடு பொவாடா தொழிலாளர் குடியிருப்புகளில் பரவியது. எங்கோ உறைபனியில் நடந்த சண்டையை, பனியையே பார்த்திராத பரேல் ஆலைத் தொழிலாளிக்குத் தன் சண்டையாக்கிக் காட்டினார். வங்காளப் பஞ்சத்தைப் பற்றியும் பாட்டுக் கட்டினார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகிய பாடகர்களோடு சேர்ந்து 'லால் பாவ்டா கலாபதக்' தொடங்கினார். செங்கொடிக் கலைக்குழு என்று பொருள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் மாங். ஆலைவாசல், தெருமுனை, கிராமத்துச் சந்தை என்று எங்கும் இவர்களின் டோல்கியும் துண்துண்யாவும் ஒலித்தன.

தமாஷா கணபதி வணக்கத்தோடு தொடங்கும். பிறகு கிருஷ்ணனும் கோபியரும் வருவார்கள். அண்ணாபாவ் அதை மாற்றினார். முதல் வணக்கத்தை மண்ணுக்கும் உழைப்பவருக்கும் வைத்தார். கோபியர் காட்சியை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வட்டிக்காரனும் அவனிடம் மாட்டிக்கொண்ட விவசாயியும் வந்தார்கள். தேர்தலில் நிற்கிற சேட்ஜி வந்தார். மேடை அதே மேடை, கருவி அதே கருவி, சிரிப்பும் அதே சிரிப்பு. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது மட்டும் மாறிவிட்டது. பம்பாய் அரசாங்கம் இந்தக் குழுவுக்கும் தமாஷாவுக்கும் தடை போட்டபோது, இவர்கள் லோக்நாட்யம், அதாவது மக்கள் நாடகம் என்று பெயர் வைத்து ஆடினார்கள்.

அவருடைய பாட்டுகளில் இந்தப் பத்தியின் வாசகர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, மும்பையைப் பற்றிய லாவணி. லாவணி என்றால் காதலும் சிருங்காரமும் பாடுகிற மெட்டு. அந்த மெட்டில் அவர் ஒரு பெருநகரத்தின் வரைபடத்தையே போட்டுக் காட்டினார். மலபார் ஹில் மேட்டில் யார் இருக்கிறார்கள், பரேலில் யார் இருக்கிறார்கள், மேலே இருப்பவருக்கு எப்படிச் சுகம் வருகிறது, கீழே இருப்பவரின் வியர்வை எங்கே போகிறது என்று இடம் இடமாகச் சொல்லிக்கொண்டே போகும் பாட்டு. மும்பையை மாயநகரி என்று புகழ்ந்த கவிகள் உண்டு. பாவநகரி என்று பழித்துவிட்டுக் கிராமத்தின் பசுமையைப் பாடிய கவிகளும் உண்டு. அண்ணாபாவ் இரண்டு பக்கமும் சேரவில்லை. நகரம் அவருக்குச் சோறு போட்டது, எழுத்துக் கொடுத்தது, சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடாத தோழர்களைக் கொடுத்தது. அதே நகரம்தான் அவரைக் குடிசையில் வைத்திருந்தது. கிராமம் காடும் ஆறும் கொடுத்தது. அதே கிராமம்தான் பள்ளியிலிருந்து விரட்டியது. இரண்டையும் இரண்டு கண்ணாலும் பார்த்தவர் அவர்.

இன்னொன்று, ஊரில் விட்டு வந்த மைனாவைப் பற்றிய பாட்டு. பிழைப்புக்கு மும்பை வந்த தொழிலாளி, ஊரில் இருக்கும் மனைவியை நினைத்து உருகுகிறான். வழியனுப்ப வந்து கண்கலங்கி நின்றவளை மறக்க முடியவில்லை. கணவன் வெளியூரில் கூலி வேலையிலும் மனைவி ஊரிலுமாக இருக்கும் எந்த வீட்டுக்கும் இது புரியும். ஆனால் பாட்டு அதோடு நிற்காது. மராத்தி பேசும் பகுதிகளை ஒன்றாக்கி, மும்பையைத் தலைநகராகக் கொண்ட மாநிலம் வேண்டும் என்ற சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் விட்டார்கள். பாட்டில் வரும் பிரிவு மெல்ல மெல்ல நாட்டின் பிரிவாக மாறும். மனைவியைப் பிரிந்தவனின் ஏக்கத்தை வைத்தே ஒரு மாநிலக் கோரிக்கையைப் பாமரன் நெஞ்சில் உட்கார வைத்தார். 1960 மே 1இல் மகாராஷ்டிரம் பிறந்தது. அந்த வெற்றியில் இந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை. மாநிலம் கிடைத்த பிறகு பாடியவனுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு விஷயம்.

சுதந்திரம் வந்த மறுநாளே அவர் கேள்வி கேட்டவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1947 ஆகஸ்டு 16இல் மும்பையில் மழையில் ஊர்வலம் போனார்கள். மக்கள் பட்டினி கிடக்கும்போது இது பொய்ச் சுதந்திரம் என்று முழங்கிய ஊர்வலம் அது. அப்படிச் சொன்னது சரியா என்று அன்றும் சண்டை, இன்றும் சண்டை. என் கருத்தைக் கேட்டால், சுதந்திரம் பொய் இல்லை, அது இவர்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை என்பேன். லேபர் கேம்ப்பில் இருந்தவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

பாட்டுக்காரர் என்று பெயர் எடுத்தவர் கதைகளும் நாவல்களும் எழுதித் தள்ளினார். முப்பதுக்கு மேல் நாவல், பல சிறுகதைத் தொகுப்புகள், ஒரு பயண நூல். 'மயானத்தில் தங்கம்' என்று பொருள்படும் அவருடைய சிறுகதையை மாணவர்கள் ஒருமுறையாவது தேடிப் படிக்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

கதை இதுதான். வாரணாக் கரையிலிருந்து வேலை தேடி வந்தவன் பீமா. மல்யுத்தக்காரன் மாதிரி உடம்பு. மும்பைக்கு வெளியே காட்டை ஒட்டிய ஒரு கல்குவாரியில் கல் உடைக்கிறான். திடீரென்று குவாரியை மூடிவிடுகிறார்கள். மனைவியும் மகளும் பசியோடு இருக்கிறார்கள். ஒரு நாள் ஆற்றோரச் சுடுகாட்டுச் சாம்பலில் ஒரு பொட்டுத் தங்கம் மின்னுவதைப் பார்க்கிறான். அன்றிலிருந்து அதுவே தொழில். ராத்திரியில் சாம்பலைச் சலிப்பான், புதைத்த பிணத்தைத் தோண்டுவான். பணக்காரன் செத்தால் சாம்பலில் தங்கம் இருக்கும், ஏழை செத்தால் எதுவும் இருக்காது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. உயிரோடு இருந்தபோது இருந்த வித்தியாசம் சாம்பலிலும் போகவில்லை.

ஒரு ராத்திரி, புதிதாகப் புதைத்த ஒரு பணக்காரனின் பிணத்தைத் தோண்டப் போகிறான். அதே பிணத்துக்கு நரிக்கூட்டமும் வருகிறது. மனிதனுக்கும் நரிகளுக்கும் சண்டை. இரண்டு பக்கமும் பசிதான். கடிபட்டு, ரத்தம் ஒழுக, அவன் நரிகளை விரட்டுகிறான். பிணத்தின் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவும்போது தாடை இறுகி விரல்கள் மாட்டிக்கொள்கின்றன. எப்படியோ பிய்த்துக்கொண்டு வீடு வருகிறான். மருத்துவர் இரண்டு விரல்களை எடுத்துவிடுகிறார். அன்றைக்கே சேதி வருகிறது, குவாரியை மறுபடி திறக்கிறார்கள் என்று. கல் உடைக்க வேண்டிய விரல்கள் போய்விட்டன. அத்தனை பெரிய மனிதன் குழந்தையைப் போல் அழுகிறான்.

இதில் குவாரியை மூடியவர் யார் என்று கதை பெயர் சொல்லவில்லை. நரியைக் கெட்டது என்று சொல்லவில்லை. பீமாவைத் திருடன் என்றும் சொல்லவில்லை, தியாகி என்றும் சொல்லவில்லை. வேலை இல்லாத இரண்டு மூன்று மாதம் ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். தினக்கூலி வீடுகளில் பிறந்தவர்களுக்கு அந்தக் கடைசிக் காட்சி வயிற்றைக் கலக்கும்.

'ஃபக்கீரா' நாவல் 1959இல் வெளிவந்தது. முன்னே சொன்ன அந்த மாங் வீரரின் கதை. அதுவரை மராத்தி நாவல்களில் மாங் என்றால் வேலைக்காரன், இல்லாவிட்டால் கொள்ளைக்காரன். இதில் அவன் நாயகன். பஞ்சம், ஆஜர் புத்தகம், கஜானாக் கொள்ளை, கடைசியில் ஊர்மக்களைச் சிறைவைத்துத் துன்புறுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் தானே வந்து சரணடைவது எல்லாம் இதில் வருகிறது. 1961இல் மாநில அரசின் விருது கிடைத்தது. இந்த நாவலை அண்ணாபாவ் அம்பேத்கரின் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார்.

கட்சிக்காரர் அம்பேத்கருக்கு நூலைக் காணிக்கையாக்கியது பலரை யோசிக்க வைத்தது. வர்க்கமா, சாதியா என்ற சண்டை மும்பையில் கம்யூனிஸ்டுகளுக்கும் அம்பேத்கர் இயக்கத்துக்கும் இடையே நெடுநாளாக இருந்தது. அண்ணாபாவ் மேடையில் சிவப்புக் கொடி பிடித்தவர், உடம்பில் சாதியின் தழும்பு இருந்தவர். 1956 டிசம்பரில் அம்பேத்கர் மறைந்த பிறகு, இந்த உலகை அடித்து நொறுக்கி மாற்றும்படி பீமராவ் சொல்லிப் போனார் என்ற கருத்தில் அவர் கட்டிய பாட்டு இன்றும் பாடப்படுகிறது. 1958இல் மும்பையில் முதல் தலித் இலக்கிய மாநாடு நடந்தபோது தொடங்கி வைத்தவர் அவர்தான். பூமியை ஆதிசேஷன் தலையில் தாங்குகிறான் என்ற புராண நம்பிக்கையை அங்கே அவர் மறுத்தார். தலித்துகளும் தொழிலாளர்களும் தங்கள் உள்ளங்கையில்தான் பூமியைத் தாங்குகிறார்கள் என்றார். இரண்டு பக்கத்துக்காரர்களும் அவரைத் தங்களவர் என்று இன்று சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோது இரண்டு பக்கமுமே அவரை முழுதாக ஏற்றதா என்பது சந்தேகம்தான்.

1961இல் சோவியத் நாட்டுக்குப் போய் வந்தார். ரயிலுக்குக் காசில்லாமல் நடந்து வந்தவர் விமானத்தில் போனார். பார்த்ததை எழுதிய நூல் மராத்தியில் முக்கியமான பயண நூல். அவருடைய படைப்புகள் ரஷ்ய மொழியில் வந்திருந்தன. கதைகள் சினிமாவும் ஆயின. 'வைஜயந்தா', 'ஃபக்கீரா' படங்கள் ஓடின.

ஆனால் எழுதியவர் காட்கோப்பரில் சிராக் நகர் குடிசைப் பகுதியில், மழைக்கு ஒழுகும் வீட்டில் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். முக்கியமான படைப்புகள் பலவும் அங்கே எழுதப்பட்டவை. பதிப்பாளர்கள் கொடுத்தது சொற்பம். புத்தகத்தின் உரிமையை மொத்தமாக வாங்கிக்கொண்டு கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். இலக்கிய உலகமும் அவரை ஷாஹீர், அதாவது பாட்டுக்காரர் என்று சொல்லி வாசலிலேயே நிறுத்தியது. பாட்டுக்காரர் என்பது வசைச்சொல் இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன தொனியில் அது வசைதான். குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. கடைசிக் காலத்தில் கோரேகாவில் அரசு வீடு ஒன்று கிடைத்தது. அங்கேதான் 1969 ஜூலை 18இல் இறந்தார். நாற்பத்தொன்பது வயது முடிய இரண்டு வாரம் பாக்கி.

அவர் போன மூன்றாம் ஆண்டு, 1972இல், மும்பையின் இன்னொரு தலித் இளைஞர் நாம்தேவ் தசால், விலைமாதர் தெருவான கோல்பிட்டாவின் பெயரிலேயே கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தார். அதே ஆண்டு தலித் பாந்தர்ஸ் இயக்கமும் பிறந்தது. நகரத்தின் அடிவயிற்றைப் பாட்டாக்கலாம் என்ற துணிச்சல் அந்தப் பிள்ளைகளுக்கு வானத்திலிருந்து வந்துவிடவில்லை.

மரியாதைகள் தாமதமாக வந்தன. மாதங்கச் சமூக மேம்பாட்டுக்கான மகாராஷ்டிர அரசின் கழகத்துக்கு 1985இல் அவர் பெயர் வைத்தார்கள். 2002இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. 2022இல் மாஸ்கோவில் ஒரு நூலகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் மாங் தெருக்களில் அவர் படத்தை வண்டியில் வைத்து ஊர்வலம் விடுகிறார்கள். முன்னால் ஹல்கி அடித்துக்கொண்டு இளைஞர்கள் போகிறார்கள். அன்றைக்கு யார் கல்யாணத்துக்காகவும் இல்லை, அவர்களுக்காகவே அடிக்கிறார்கள்.